ஆகாயத்துக்கு ஒரு குடிமராமத்து

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகள் ஒன்றில், ஒரு வீட்டு மொட்டை மாடியில், இரண்டு மூங்கில்களை நட்டு அவற்றுக்கிடையே ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். கம்பியின் நீளம் சுமார் இருபது மீட்டர். புதிதாய்ப் பார்ப்பவர்களுக்கு அது துணி உலர்த்தும் கொடியாகவே தோன்றும். அடுத்த வீட்டு அம்மாள் ஒரு நாள் அப்படியே எண்ணி ஈரப் புடவையை அதில் போட்டும்விட்டார். அன்று மாலை வீட்டுக்காரர் எவ்வளவு கூவிக் கூப்பிட்டும் வெளியூர் நண்பர் ஒருவர் காதிலும் சரியாக விழவில்லை. காரணம் புடவை என்பது மறுநாள்தான் தெரிய வந்தது!

அந்த வீட்டுக்காரர் நமது நண்பர். ரெயில்வே உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர். அதாவது, பாட்டுக் கேட்பதற்காக ரேடியோ வைத்திருப்பவர் அல்ல. சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி, லைசென்ஸ் பெற்று, தமக்கென்று ஓர் அழைப்புக் குறியுடன், தம்மைப் போன்ற மற்றவர்களோடு ஆகாயத்தின் வழியே நேருக்கு நேர் பேசுகிறவர். பகலில் சென்னை, பெங்களூர், ஹைதராபாத். இரவு ஏறினால் கடல் கடந்த தேசங்கள். இடையே தந்திக் கம்பமும் இல்லை, செல்போன் கோபுரமும் இல்லை. இந்தப் பேச்சில் வியாபாரம் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு பிறருக்காகச் செய்தி அனுப்பவும் கூடாது. பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் பரீட்சை எழுதலாம்.

சென்ற வாரம் நாம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய தம்பி மகன் திருச்சியில் இஞ்சினீயரிங் படிக்கிறான். அவனும் பரீட்சையில் தேறி, வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறியைப் புதிதாகப் பெற்றிருந்தான். அகில இந்தியச் சங்கத்தில் அவனைச் சேர்த்துவிட வேண்டுமென்பது பெரியவரின் ஆசை. பையனோ மறுத்துக்கொண்டிருந்தான்.

"லைசென்ஸைச் சர்க்கார் கொடுத்துவிட்டது, பெரியப்பா! ரேடியோவை நானே விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். கம்பியோ நம் வீட்டு மாடியில் இருக்கிறது. நடுவில் இந்தச் சங்கத்துக்கு எதற்காகச் சந்தா கட்ட வேண்டும்? கட்டினால் எனக்கு என்ன கொடுப்பார்கள்?"

"வெளிநாட்டுக் கார்டுகளை வாங்கி அனுப்புவார்கள்" என்றார் பெரியவர்.

"இந்தக் காலத்தில் யார் கார்டு போடுகிறார்கள்? கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷத்தில் முடிகிற காரியமாயிற்றே!"

பெரியவர் சிரித்துக்கொண்டே நம் பக்கம் திரும்பினார். "பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார். அவரையே கேள். இரு தரப்பையும் விசாரித்து எழுதுவதுதானே அவர் தொழில்?" என்றார்.

இப்படியாக நாம் மாட்டிக்கொண்டோம். அன்று சொல்லத் தெரியாமல் திரும்பிய பதிலை, சில நாள் விசாரித்து யோசித்த பிறகு, இங்கே எழுதுகிறோம்.

பையனுடைய கட்சி

பையனுடைய கட்சி அலட்சியமாய்த் தள்ளக்கூடியதல்ல. அவன் சொன்னவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சங்கத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் லைசென்ஸ் ஒன்றுதான். பேசுகிற உரிமையும் ஒன்றுதான். இரண்டாவது, நம் நாட்டுச் சங்கங்கள் எல்லாவற்றின் மீதும் பொதுவாகச் சொல்லப்படும் புகார்: தலைமை எங்கோ தூரத்தில் இருக்கிறது, நாலு பேர் மாறி மாறிப் பதவி வகிக்கிறார்கள், கடிதம் எழுதினால் பதில் வருவதில்லை, கணக்கு யாருக்கும் தெரிவதில்லை. மூன்றாவது, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் செல்போன் இருக்கிற நாளில், இந்த ரேடியோவே ஒரு பழங்காலத்து ஆசைதானே? அதற்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு சந்தா!

கார்டு விஷயத்திலும் பையன் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. இரண்டு அமெச்சூர்கள் ஆகாயத்தில் பேசிக்கொண்டால், பேசியதற்கு அத்தாட்சியாக ஒருவருக்கொருவர் கார்டு அனுப்பிக்கொள்வது நீண்ட நாள் வழக்கம். ஆயிரம் கார்டுகளை ஆயிரம் தபால் தலை ஒட்டி அனுப்ப யாரால் முடியும்? ஆகையால் ஒவ்வொரு தேசத்துச் சங்கமும் தன் அங்கத்தினரின் கார்டுகளைச் சேர்த்துக் கட்டாகக் கட்டி மற்றத் தேசத்துச் சங்கத்துக்கு அனுப்புகிறது. இப்போது கம்ப்யூட்டர் அந்த வேலையில் பெரும் பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. கார்டுக்காகத்தான் சங்கம் என்றால், பையன் கேள்விக்குப் பதில் இல்லை.

ஆனால் சங்கம் கார்டுக்காக ஏற்பட்டதா? ஏற்பட்ட கதையைப் பார்த்தால்தான் இது விளங்கும். அந்தக் கதையில் முதல் அத்தியாயம் நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

சென்னையில் நடந்தது

1921ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் லைசென்ஸ் பெற்று இந்தியாவின் முதல் அமெச்சூர் ஆனார். மூன்று வருஷம் கழித்து, 1924 மே 16ந் தேதி, சென்னையில் ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப்பை ஸ்தாபித்தார்கள். அந்நாளில் ஒலிபரப்பு என்பதற்கும் அமெச்சூர் ரேடியோ என்பதற்கும் இன்றிருக்கிற பேதம் நன்றாக ஏற்படவில்லை. ரேடியோவில் ஆசை கொண்டவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி.

அவ்வருஷம் ஜூலை மாதம் காவிரியில் வந்த பெருவெள்ளத்தைத் திருச்சி ஜில்லாவில் வெகு காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே ஜூலை மாதம் 31ந் தேதி அந்தக் கிளப்பு சென்னையிலிருந்து பாட்டும் பேச்சும் ஒலிபரப்பத் தொடங்கியது. அவர்களிடம் இருந்த கருவியின் சக்தி 40 வாட். நம் வீட்டுத் தாழ்வாரத்தில் எரிந்த பழைய பல்பு ஒன்றின் சக்திதான். சர்க்கார் தொடங்கவில்லை, பெரிய முதலாளி தொடங்கவில்லை. சந்தா கட்டிய சில பேர் தொடங்கினார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 1927ல் கிளப்பு மூடப்பட்டது. கருவி பழுதாகவில்லை, கேட்பவர்களும் வேண்டாமென்று சொல்லவில்லை. பணம் இல்லை, அவ்வளவுதான். கிளப்பு தன் கருவியைச் சென்னைக் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியது. 1930 ஏப்ரல் 1 முதல் கார்ப்பரேஷன் ஒலிபரப்பை ஏற்று நடத்தியது. மாலை வேளைகளில் கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்து ஜனங்கள் சங்கீதம் கேட்டார்கள். 1938 ஜூன் 16ந் தேதி அகில இந்திய ரேடியோவின் சென்னை நிலையம் வந்தது. 1939 மே 16ந் தேதி திருச்சி நிலையம் ஆரம்பமாயிற்று. தேதியைக் கவனியுங்கள்: கிளப்பு பிறந்து சரியாகப் பதினைந்து வருஷம். 1947ல் தேசம் சுதந்திரம் பெற்றபோது இந்திய யூனியனில் இருந்த ரேடியோ நிலையங்கள் மொத்தம் ஆறு. அவற்றில் இரண்டு தமிழ்நாட்டில் இருந்தன, அந்த இரண்டில் ஒன்று திருச்சி.

கடற்கரையில் இலவசமாய்ப் பாட்டுக் கேட்டவர்களில் எத்தனை பேர் கிளப்புக்குச் சந்தா கட்டியிருப்பார்கள்? மிகச் சிலரே இருந்திருப்பார்கள். பயனை எல்லோரும் அடைந்தார்கள்; பாரத்தைச் சிலர் சுமந்தார்கள்; சுமந்தவர்களால் மூன்று வருஷத்துக்கு மேல் சுமக்க முடியவில்லை. பையன் கேட்ட கேள்வியை 1924லேயே எத்தனையோ பேர் தங்களுக்குள் கேட்டுக்கொண்டு, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கையை வெளியே எடுத்திருக்க வேண்டும்.

பிரயோஜனமில்லாத அலைகள்

சென்னைக் கிளப்பு சந்தாவில்லாமல் மாண்டது. சந்தாவினால் பிழைத்த ஒரு சங்கத்தின் கதையையும் பார்ப்பது நியாயம். அதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

1912ல் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் செய்து, அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலை நீளங்களுக்குத் தள்ளியது. நீண்ட அலைகளே தூரம் போகும், குறுகிய அலைகள் எதற்கும் உதவா என்பது அக்காலத்து நிபுணர்களின் அபிப்பிராயம். ஊருக்கு வெளியே தரிசு நிலத்தைக் காட்டி, "இங்கே குடிசை போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்ன மாதிரிதான். 1914ல் ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் என்பவரும் அவருடைய தோழர்களும் அமெரிக்க அமெச்சூர்களின் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். முதல் உலக யுத்தம் வந்தது. அமெச்சூர் நிலையங்களெல்லாம் மூடப்பட்டன. யுத்தம் முடிந்த பிறகும் வயர்லெஸ் முழுவதையும் கடற்படையின் வசம் ஒப்புவித்துவிடுவதற்கு 1918ல் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறியிருந்தால் அமெச்சூர் ரேடியோ அங்கே அன்றோடு முடிந்திருக்கும். தனித்தனி மனிதனாய் எத்தனை பேர் முறையிட்டாலும் யார் கேட்பார்கள்? மாக்ஸிம் சங்கத்தின் பெயரால் சட்டசபைக் கமிட்டியின் முன் போய் நின்றார்; நாடெங்கும் இருந்த அங்கத்தினரைக் கடிதம் எழுதச் செய்தார். மசோதா கைவிடப்பட்டது. 1919ல் அமெச்சூர்கள் மறுபடியும் ஆகாயம் ஏறினார்கள்.

பிறகு நடந்தது இன்னும் விசேஷம். 1921 டிசம்பரில் அந்தச் சங்கம் பால் காட்லி என்ற அமெச்சூரைக் கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. அங்கே கடற்கரையோரத்தில் கூடாரம் அடித்து, குளிரிலும் மழையிலும் உட்கார்ந்து, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த அமெரிக்க அமெச்சூர்களின் குறிகளை அவர் கேட்டார். 1923 நவம்பரில் அமெரிக்காவும் பிரான்ஸும், அமெச்சூருக்கு அமெச்சூர், சுமார் 100 மீட்டர் அலையில் இரு வழியும் பேசிக்கொண்டன. எதற்கும் உதவாதென்று தள்ளிய தரிசு நிலத்தில் தங்கச் சுரங்கம் இருந்தது! குறுகிய அலைகள் வானத்தின் உயரத்திலுள்ள மின் மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் போகும் என்பது உலகத்துக்குத் தெளிவாயிற்று.

தங்கம் இருப்பது தெரிந்ததும் சும்மா இருப்பார்களா? கப்பற் கம்பெனிகளும், தந்திக் கம்பெனிகளும், ஒலிபரப்பாளர்களும், சேனைகளும் அந்த அலைகளுக்குப் போட்டியிட்டு வந்தார்கள். கண்டுபிடித்தவர்களுக்கே இடமில்லாமற் போய்விடும் போலிருந்தது. அதனாலேதான் 1925ல் பல தேசத்து அமெச்சூர்கள் பாரிஸ் நகரில் கூடிச் சர்வதேச அமெச்சூர் ரேடியோ யூனியனை ஏற்படுத்தினார்கள். அதில் தனி மனிதர் அங்கத்தினர் அல்ல. ஒரு தேசத்துக்கு ஒரு சங்கம். அந்தச் சங்கத்தின் வாயால்தான் அந்தத் தேசத்து அமெச்சூர்கள் பேச முடியும்.

இருபது மீட்டர் கம்பியும் ஜெனீவாவும்

இந்தியாவில் இந்தக் காரியம் சுதந்திரத்துக்குப் பிறகே ஒழுங்குபட்டது. பிரிட்டிஷ் சர்க்கார் 1939ல் யுத்தம் மூண்டதும் அமெச்சூர்களின் லைசென்ஸ்களை ரத்து செய்தது. ஒலிபரப்புக் கருவி என்றால் அவர்களுக்கு எவ்வளவு பயம் என்பதற்கு 1942 சாட்சி. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் உஷா மேத்தா என்ற இருபத்திரண்டு வயது யுவதியும் அவருடைய தோழர்களும் பம்பாயில் இடம் மாற்றி இடம் மாற்றி ரகசியக் காங்கிரஸ் ரேடியோவை நடத்தினார்கள். ஆகஸ்டு மாதக் கடைசியில் ஆரம்பித்த அந்தக் குரலை நவம்பர் 12ந் தேதி போலீஸார் பிடித்து அடக்கும் வரையில் அவர்களுக்குத் தூக்கமில்லை.

எந்த சர்க்காருக்கும் இந்தப் பயம் ஓரளவு உண்டு. தனி மனிதன் கையில் தேசம் கடந்து பேசும் கருவியைக் கொடுப்பது நம்பிக்கையின் மேல் நடக்கிற காரியம். அமெச்சூர்களுக்காக உத்தரவாதம் சொல்ல யாராவது வேண்டும். 1948 மே 15ந் தேதி, சுதந்திரம் கிடைத்த மறு வருஷமே, மௌ நகரிலுள்ள சேனைச் சிக்னல் பள்ளியில் இந்திய அமெச்சூர் ரேடியோ கிளப்பு ஆரம்பமாயிற்று. பிறகு அது டில்லிக்குச் சென்று, 1954ல் இந்திய அமெச்சூர் ரேடியோ சங்கம் என்று பெயர் பெற்றது. சர்வதேச யூனியனில் இந்தியாவின் சார்பில் இருப்பது அந்தச் சங்கந்தான்.

இனி, நாம் பையனை நோக்கி ஒரு கேள்வி கேட்கிறோம். மாடியில் கட்டிய கம்பி ஏன் இருபது மீட்டர்? நாற்பது மீட்டர் அலையில் பேசுவதற்காக; அலையின் பாதி நீளம் கம்பி. இந்தியாவில் அமெச்சூர்கள் அன்றாடம் அதிகமாய்க் கூடிப் பேசுகிற இடம் இந்த நாற்பது மீட்டர்தான். கிராமத்து அரசமரத்து மேடை போன்றது. 7000 கிலோஹெர்ட்ஸிலிருந்து 7200 வரையில் அதன் எல்லை. ஆனால் ஒரு காலத்தில் நம் பக்கத்துத் தேசங்களுக்கு அது 7100 வரையில்தான் இருந்தது. மறு பாதியில் பெரிய பெரிய ஒலிபரப்பு நிலையங்கள் குடியிருந்தன. 2003ல் ஜெனீவாவில் கூடிய உலக ரேடியோ மாநாடு, ஒலிபரப்பு நிலையங்கள் அந்தப் பாதியைக் காலி செய்து அமெச்சூர்களுக்கு விட வேண்டுமென்று தீர்மானித்தது. 2009 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. மேடை இரண்டு மடங்கு ஆயிற்று.

இது தானாகக் கிடைக்கவில்லை. பல வருஷம் பல தேசத்துச் சங்கங்கள் தத்தம் சர்க்காரிடம் மனுச் செய்து, புள்ளி விவரம் கொடுத்து, மாநாட்டுக்கு மாநாடு ஆள் அனுப்பி, அங்கத்தினரின் சந்தாப் பணத்தைச் செலவு செய்து பெற்றது. பையன் இன்று 7150ல் பேசுகிறான். அவன் சந்தா கட்டவில்லை. அவனை யாரும் தடுக்கவும் இல்லை. பிறர் வெட்டிய வாய்க்காலில் அவன் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது.

வாய்க்கால் என்றதும் காவிரிக் கரையிலுள்ளவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

பழைய குடிமராமத்து

நம் முன்னோர் ஏரியையும் வாய்க்காலையும் குடிமராமத்தினால் காப்பாற்றினார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, தண்ணீர் விடுவதற்கு முன், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. இதிலும் வராதவர்கள் இருந்தார்கள். "நாலு பேர் வெட்டினால் தண்ணீர் என் வயலுக்கும் வரத்தானே போகிறது?" என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் எல்லா ஊரிலும் உண்டு. அவனுக்காகவே 1858ல் சென்னை சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவர நேர்ந்தது. வழக்கப்படி வேலைக்கு வராதவரிடம் பணம் தண்ட அச்சட்டம் வழி செய்தது.

திண்ணைக்காரன் சொல்வது கணக்குப்படி சரிதான். அவன் ஒருவன் வராததால் வாய்க்கால் நின்றுவிடாது. ஆனால் எல்லோரும் அவனைப் போலவே கணக்குப் போட்டால் வாய்க்கால் மேடாகிவிடும். சென்னை ரேடியோ கிளப்பு மேடானது போல. அமெச்சூர் சங்கத்துக்கு 1858ம் வருஷத்துச் சட்டம் ஒன்றும் இல்லை. கட்டாயமாய்த் தண்ட முடியாது. மனச்சாட்சிதான் அதன் தாசில்தார்.

இன்னும் ஒன்று: ஆகாய வாய்க்காலில் மண் சேருவது ஒரு நாளும் நிற்பதில்லை. செல்போன் கம்பெனிகளுக்கும் துணைக்கோள் கம்பெனிகளுக்கும் அலைவரிசை என்பது கோடிக்கணக்கில் விலை போகிற சரக்கு. 2023ல் துபாயில் நடந்த உலக மாநாட்டில், அமெச்சூர்கள் உபயோகிக்கும் 1240 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, வழிகாட்டும் துணைக்கோள்களுக்கு இடையூறு செய்யுமோ என்ற பிரச்னை எழுந்தது. அமெச்சூர்களின் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அங்கே ஆள் இருந்தது. அதே வருஷம் நம் பார்லிமெண்டு, 1885ம் வருஷத்துத் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இப்படிப்பட்ட சட்டத்தின் கீழ் விதிகள் எழுத உட்காருகிற அதிகாரிகள் கோடானுகோடி செல்போன்காரர்களை நினைப்பார்கள். பெரிய கம்பெனிகளை நினைப்பார்கள். சில ஆயிரக்கணக்கான அமெச்சூர்கள் இருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

வெள்ளம் வரும்போது

"அப்படி ஞாபகப்படுத்தித்தான் என்ன ஆகவேண்டும்? இதனால் ஊருக்கு என்ன லாபம்?" என்று, ரேடியோவில் ஆசையே இல்லாத நேயர்கள் கேட்கலாம். பையனுடைய மூன்றாவது கேள்வியும் இதுதான்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். அம்மா மண்டபத்தில் ஆடிப் பெருக்கன்று கும்பிடுகிற காவிரி, கோபித்துக்கொண்டால் எப்படியிருக்கும் என்பதை 1924ல் இந்த ஜில்லா பார்த்தது. 1977 நவம்பரில் புயலும் மழையும் சேர்ந்து திருச்சி நகரத்தை வெள்ளக்காடாக்கின. 2005லும் நகரின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தில், போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த நிலையில், ஒரு பகுதி ஆற்றோடு போயிற்று. அதே வருஷம் நவம்பர் 16ந் தேதி 'கஜா' புயல் வேதாரண்யத்தருகே கரை ஏறி, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களை அலைக்கழித்தது. மின்சாரக் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரம் போனால் செல்போன் கோபுரம் அதன் பாட்டரி இருக்கும் வரைதான் உயிரோடிருக்கும். பிறகு சட்டைப் பையிலுள்ள செல்போன் மணி பார்ப்பதற்கு உதவும்!

அமெச்சூர் நிலையத்துக்கோ ஒரு மோட்டார் கார் பாட்டரியும் ஒரு கம்பியும் போதும். 2004 டிசம்பரில் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஸ்ரீமதி பாரதி பிரசாத் ஒரு குழுவுடன் அந்தமானுக்குப் போயிருந்தார். பல வருஷங்களாக அமெச்சூர்களுக்கு அனுமதி கிடைக்காதிருந்த தீவு அது. உலகத்து அமெச்சூர்கள் அவரோடு பேசிவிடப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். 26ந் தேதி காலையில் பூமி அதிர்ந்தது, கடல் பொங்கிற்று. அதுவரை பொழுதுபோக்காய் இருந்த ரேடியோ அந்தக் கணமே ஊழியமாக மாறியது. போர்ட் பிளேரிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி போயிற்று; காணாமற் போனவர்களைப் பற்றிய விசாரணைகள் வந்தன; குழுவினரில் சிலர் பெருஞ் சேதமுற்ற கார் நிக்கோபாருக்கும் போய் நிலையம் வைத்தார்கள்.

அந்த அம்மையார் அங்கே இருந்தது தற்செயலாயிருக்கலாம். ஆனால் தீவில் கால் வைக்க டில்லியில் படியேறி அனுமதி வாங்கியது தற்செயலல்ல; ஒரு ஸ்தாபனத்தின் விடாமுயற்சி. ஆபத்துக் காலத்தில் ஒருவர் பேசும்போது மற்றவர் மௌனமாயிருக்கவும், செய்தியை எழுத்தெழுத்தாய்ச் சரி பார்க்கவும், யார் முதலில் என்று ஒருவர் கட்டுப்படுத்தவும் பழகியிருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு நீச்சல் கற்க முடியாது. அந்தப் பழக்கத்தைக் கொடுப்பது சங்கத்தின் வேலை.

2005 மே 5ந் தேதி இஸ்ரோ ஸ்தாபனத்தார் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஹாம்ஸாட்' என்ற துணைக்கோளை அமெச்சூர்களுக்கென்றே விண்ணில் ஏற்றினார்கள். 42.5 கிலோ எடையுள்ள அந்தச் சிறு பெட்டி 2014 வரையில் உலகத்து அமெச்சூர்களுக்கு இலவசமாய் உழைத்தது. அதற்குள் இருந்த இரண்டு கருவிகளில் ஒன்று ஹாலந்து தேசத்து மாணவர் ஒருவர் அமைத்தது. சர்க்கார் இப்படி ஒரு காரியம் செய்ய வேண்டுமானால், "எங்களுக்கு வேண்டும்" என்று சொல்ல ஒரு கூட்டம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

சந்தாவோடு ஒரு கேள்வி

இவ்வளவு சொன்ன பிறகு, "ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு சந்தா கட்டுங்கள்" என்று முடிப்பது சுலபம். நாம் அப்படி முடிக்கப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கட்டப்படும் சந்தா, கட்டாத சந்தாவைவிடச் சங்கத்துக்கு அதிகக் கெடுதல் செய்யும்.

குடிமராமத்தில் வேலைக்கு வந்தவனுக்கு ஓர் உரிமை இருந்தது. எந்த மடையை எப்போது திறந்தீர்கள், கரைக்குப் போட்ட மண் எங்கே என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். சங்க அங்கத்தினரும் அப்படிக் கேட்க வேண்டியவை சில உண்டு. வரவு செலவுக் கணக்கு வருஷந்தோறும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் வருகிறதா? திருச்சியில் இருக்கிறவரும் தேர்தலில் ஓட்டுப் போட வழி இருக்கிறதா? ஜில்லாக் கலெக்டர்களோடு சேர்ந்து புயல், வெள்ள காலத்துக்கு ஒத்திகை நடக்கிறதா? எழுதிய கடிதத்துக்கு ஒரு மாதத்துக்குள் பதில் வருகிறதா?

தமிழர்களாகிய நாம் இன்னொன்றும் கேட்போம். பரீட்சைக்கு வேண்டிய பாடங்கள் தமிழில் கிடைக்க என்ன ஏற்பாடு? சர் சி. வி. ராமன் 1888ல் பிறந்தது திருச்சியில். மின்னணுவியலை வீட்டுப் பெண்களும் விரும்பிப் படிக்கும் தமிழில் எழுதிய சுஜாதா வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். இந்த மண்ணில் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்குத் தமிழில் ரேடியோ சொல்லிக் கொடுக்க முடியாதென்று யார் சொல்லத் துணிவார்கள்?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நல்ல பதில் வந்தால் சங்கத்தைக் கொண்டாடலாம். வராவிட்டால், அதற்காக வெளியேறுவதா, உள்ளே நுழைந்து திருத்துவதா? வெளியே நிற்பவனுக்குப் புகார் சொல்ல வாய் இருக்கிறது, ஓட்டு இல்லை. பையனுடைய இரண்டாவது புகாருக்கு இதுவே நம் பதில். சங்கத்தில் நாலு பேரே மாறி மாறி உட்காருகிறார்கள் என்றால், ஐந்தாவது ஆள் வரவில்லை என்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

இந்தியாவில் அமெச்சூர்களின் ஸ்தாபனம் ஒன்றே ஒன்றல்ல. ஹைதராபாத்தில் ஒன்று, துணைக்கோள் காரியத்துக்கு ஒன்று, ஊர்தோறும் சிறு கிளப்புகள் என்று பல உண்டு. அருகிலுள்ள கிளப்பு கற்றுக்கொடுக்கும். தோளில் கை போட்டுத் துணை நிற்கும். அது வயலோரத்துக் கண்ணி வாய்க்கால். ஆனால் தலை வாய்க்காலை யாராவது தூர் எடுத்தால்தான் கண்ணி வாய்க்காலில் தண்ணீர் இருக்கும். ஆகையால் ஒன்றுக்குக் கொடுத்தோம், மற்றொன்று வேண்டாம் என்பது சரியல்ல. உலக மாநாட்டிலும் டில்லி சர்க்காரிடமும் தேசத்தின் குரலாக நிற்கிற சங்கம் பலமாயிருப்பது எல்லோருடைய காரியமும் ஆகும்.

நேற்று மாலை மறுபடியும் ஸ்ரீரங்கம் போய் இவ்வளவையும் பையனுக்குச் சொன்னோம். அவன் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினான்.

"கட்டுகிறேன், பெரியப்பா. ஆனால் வருஷக் கடைசியில் கணக்குக் கேட்பேன். அப்போது, 'சின்னப் பையனுக்கு என்ன தெரியும்' என்று யாரும் சொல்லக்கூடாது."

பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பேஷாய்க் கேள், அப்பா! நான் முப்பது வருஷமாய்ச் சந்தா கட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது கணக்குக் கேட்கவில்லை. தப்பு என்னுடையதுந்தான்" என்றார்.